விக்டோரியா வுட் நமக்கு விட்டுச்சென்றது என்ன? புதிதாகப் பார்ப்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

செல்வி, ராச்டேல் (கேள்வி)

2026 ஏப்ரல் 20ஆம் தேதியோடு நகைச்சுவைக் கலைஞர் விக்டோரியா வுட் மறைந்து 10 வருடம் ஆகிறது. அவரைப் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைக்காமல் இங்கே வந்திருக்கிறேன். பிரிட்டிஷ் நகைச்சுவை என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது மிஸ்டர் பீன். அதில் பேச்சு குறைவு, முகமும் உடம்பும்தான் வேலை செய்யும், அதனால் எந்த ஊரிலும் போட்டுக் காட்டலாம். விக்டோரியா வுட் அதற்கு நேர் எதிர். அவர் தரும் சிரிப்பு முழுக்கப் பேச்சில் இருக்கிறது. அதுவும் வடக்கு இங்கிலாந்துப் பெண்கள் டீ வேளையில், பஸ் நிறுத்தத்தில், கடை வரிசையில் பேசிக்கொள்ளும் பேச்சில். அதனாலேயே இந்த நாட்டுக்கு வெளியே அவர் பெயர் அதிகம் போகவில்லை என்று நினைக்கிறேன். இங்கேயோ, அவர் போன செய்தி வந்தபோது சொந்தத்தில் ஒருவர் போனது போலத்தான் இருந்தது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1953இல் பிரெஸ்ட்விச்சில் பிறந்தவர். வளர்ந்தது பெரி நகரத்துக்கு வெளியே, மேட்டில் தனியாக நிற்கும் ஒரு வீட்டில். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். 1974இல் 'நியூ ஃபேசஸ்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் பியானோவோடு வந்தார். 1985இல் பிபிசி 2இல் 'விக்டோரியா வுட் ஆஸ் சீன் ஆன் டிவி' என்ற குறுங்காட்சி நிகழ்ச்சி. 1998 முதல் 2000 வரை பிபிசி 1இல் 'டின்னர்லேடீஸ்' என்ற நகைச்சுவைத் தொடர். 2006இல் ஐடிவியில் 'ஹவுஸ்வைஃப், 49' என்ற தனி நாடகம். எழுத்து, பாட்டு, நடிப்பு எல்லாமே அவருடையது. 2016இல் லண்டன் ஹைகேட்டில் தன் வீட்டில், 62 வயதில், புற்றுநோயால் இறந்தார். நோய் இருந்ததே வெளியில் பலருக்குத் தெரியாது. அந்த வருடம் ஏற்கனவே டேவிட் போவி, ஆலன் ரிக்மன், டெரி வோகன் என்று ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். மார்ச் 31ஆம் தேதிதான் நகைச்சுவை நடிகர் ரோனி கார்பெட் போயிருந்தார். மூன்று வாரத்துக்குள் இவர்.

நான் இங்கே, வடக்கு இங்கிலாந்தில், ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் பல வருடமாக வேலை செய்கிறேன். சேர்ந்த புதிதில் உடன் வேலை செய்த ஒரு மூத்த பெண்மணி 'டின்னர்லேடீஸ்' டிவிடியைக் கையில் கொடுத்து, "இதைப் பார்த்துவிடு, எங்களைப் புரிந்துகொள்வாய்" என்றார். மான்செஸ்டரில் ஒரு தொழிற்சாலை. அதன் கேன்டீன். கதை ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே இடத்தில் நடக்கிறது. டோஸ்ட் போடுவார்கள், சாஸேஜ் வறுப்பார்கள், மேசை துடைப்பார்கள், பேசுவார்கள். வேறொன்றும் நடக்காதது போல இருக்கும். ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒருத்தியின் விவாகரத்து, ஒருவரின் கீமோதெரபி, ஒருத்திக்குப் பிறக்கப் போகும் குழந்தை, கைவிட்டுப் போன தாய் எல்லாம் வந்துவிடும்.

விக்டோரியா வுட் நடித்தது பிரென் என்ற பாத்திரம். தொடரை எழுதியவர் அவர், பெயர் பெற்றவர் அவர், நினைத்திருந்தால் நல்ல வசனங்களைத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பிரென் பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே மற்றவர்கள் சொல்வதைக் கேட்கிறவள். சிரிப்பெல்லாம் டாலிக்கும் ஜீனுக்கும், ட்விங்கிளுக்கும் அனிதாவுக்கும், பழுதுபார்க்க வரும் ஸ்டானுக்கும் போகிறது. பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கேரவனில் வாழ்ந்துகொண்டு, பெரிய மனிதர்களையெல்லாம் தெரியும் என்று அளந்துவிடும் பிரெனின் அம்மா பெட்டுலாவாக ஜூலி வால்டர்ஸ். ஹாரி பாட்டர் படங்களில் மிஸஸ் வீஸ்லியாக வந்தவரே இவர். ஒவ்வொரு முறை அவர் உள்ளே வரும்போதும் அந்தக் கேன்டீனையே அவர் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு பிரென் ஒதுங்கி நிற்பாள். எனக்கு அவரை இவ்வளவு பிடிக்கக் காரணம் இதுதான். பிறருக்குச் சிரிப்பை எழுதிக் கொடுத்தவர். அந்தப் பிறர் யார் என்றால் நடுவயதுப் பெண்கள், தலையில் வலையும் மேலே டாபர்ட் என்ற வேலை மேலங்கியும் போட்டுக்கொண்டு பரிமாறுகிறவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை. அவர்கள் எவ்வளவு நன்றாகச் சிரிக்க வைப்பார்கள் என்று காட்டினார்.

செய்தி வந்த மறுநாள் அரசியின் 90ஆவது பிறந்தநாள். எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கேக் வெட்டும் ஏற்பாடு இருந்தது. ரேடியோவில் அரண்மனைச் செய்திக்கு நடுநடுவே விக்டோரியா வுட்டின் குரல். எங்கள் சமையலறையில் இருந்த இரண்டு பேர், சொல்லி வைத்தது போல, 'ஆஸ் சீன் ஆன் டிவி'யில் வந்த 'டூ சூப்ஸ்' காட்சியை நடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தள்ளாடும் வயதான பரிமாறும் பெண்ணாக ஜூலி வால்டர்ஸ் வருவாரே, அது. மேசையில் இருக்கும் தம்பதிக்கு அவசரம், அவரோ ஒரு ஆர்டர் எடுக்கவே பாதி மதியம் ஆக்கிவிடுவார், கடைசியில் சூப் வந்து சேரும்போது தட்டில் சூப் இருக்காது. ஒரு வரி விடாமல் இருவருக்கும் மனப்பாடம். சிரித்துக்கொண்டே அழுதார்கள், நானும்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒன்று: பிரிட்டிஷ் நகைச்சுவையில் அவருடைய தடம் எது என்று உங்களுக்குத் தோன்றுகிறது? இரண்டு: என் மகளுக்கு 16 வயது. இங்கேயே பிறந்தவள், ஆனால் அவரைப் பார்த்ததில்லை. "பழைய டிவிதானே அம்மா" என்கிறாள். எதை முதலில் போட்டுக் காட்டுவது?


இராசையா, ஹாரோ

தங்கச்சி, இந்தப் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1984 கடைசியில். குளிர்காலம். ஒரு அறையில் நாலு பேர், ஒரு சின்னத் தொலைக்காட்சி. ஆங்கிலம் படித்துத்தான் வந்தேன், ஆனால் இங்கே சனங்கள் கதைப்பது ஒன்றும் விளங்கவில்லை. 1985 தொடக்கத்தில் 'ஆஸ் சீன் ஆன் டிவி' வந்தது. முதலில் பாதி விளங்காமல்தான் பார்த்தேன். ஆனால் அந்த அறிவிப்பாளர் பெண் உடனே விளங்கிவிட்டார். சூசி பிளேக் நடித்தது. நேர்த்தியான தலைமயிர், தெற்கத்தி உச்சரிப்பு, மூக்குக்கு மேலே ஒரு சிரிப்பு. ஒரு முறை, வடக்கில் இருக்கும் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்பார். ஏதோ ஒளிபரப்புக் கோளாறு என்று நாங்கள் நினைப்போம். அங்கே வாழ்வது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அடுத்த வசனம் வரும். அவ்வளவுதான். இந்த நாட்டில் தெற்கு வடக்கை எப்படிப் பார்க்கிறது என்பதை எனக்கு வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. வந்தேறியாக நின்றவனுக்கு அது பெரிய பாடம். இவர்களுக்குள்ளேயே இப்படி மேல் கீழ் இருக்கிறதா என்று ஒரு ஆறுதலும் வந்தது.

அதே நிகழ்ச்சிக்குள் வந்த 'ஏகார்ன் ஆன்டிக்ஸ்' என்ற கேலித் தொடர் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதை எப்படி விடுவது? அந்தக் காலத்தில் 'கிராஸ்ரோட்ஸ்' என்று ஒரு நெடுந்தொடர் ஓடியது, 1964இல் தொடங்கியது. மிட்லண்ட்ஸில் ஒரு மோட்டலில் நடக்கும் கதை. அவசரத்தில் எடுப்பார்கள், சுவர் ஆடும், வசனம் தடுக்கும். அதை வைத்துத்தான் 'ஏகார்ன் ஆன்டிக்ஸ்'. மான்செஸ்டர்ஃபோர்ட் என்ற கற்பனை ஊரில் ஒரு பழம்பொருள் கடை. மிஸ் பாப்ஸாக சீலியா இம்ரி, மிஸ்டர் கிளிஃபோர்டாக டங்கன் பிரெஸ்டன், தட்டோடு வந்து போகும் மிஸஸ் ஓவரலாக ஜூலி வால்டர்ஸ். அவர் தன் முறை வருமட்டும் கதவுக்கு வெளியே காத்து நிற்கிறது கேமராவில் தெரியும். மோசமாக நடிப்பதை நன்றாக நடிக்க வேண்டும் என்றால் அளவு பிசகக் கூடாது. அரை விநாடி பிந்தினால் அது வெறும் பிழை, சரியாக விழுந்தால் வயிறு வலிக்கும். 2005இல் அதையே லண்டன் ஹேமார்க்கெட் ராயல் தியேட்டரில் மேடை இசை நாடகமாகப் போட்டார்கள், ட்ரெவர் நன் இயக்கினார். நான் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். 20 வருடத்துக்கு முந்தைய ஒரு கேலித் தொடருக்கு அரங்கு நிறைந்து ஆட்கள்.

பிள்ளைக்கு எது முதலில் என்றால், இந்த அறிவிப்பாளர் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் கூட இல்லை. இந்தக் காலப் பிள்ளைகளுக்கு அந்த அளவு சரி.


கவின், லீட்ஸ்

செல்வி அக்கா, நீங்கள் சொன்ன பங்கு போட்டுக் கொடுக்கும் குணம் உண்மை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. தனியாக மேடையில் நின்றது. எனக்கு அதுதான் அவருடைய பெரிய தடம்.

நான் வார இறுதிகளில் பப் மாடிகளில் ஓபன் மைக் ஸ்டாண்ட்-அப் செய்கிறேன், ஐந்து நிமிடம், சில இரவு ஏழு. அங்கே பெண்கள் இன்று சாதாரணமாக ஏறுகிறார்கள். 1970களில் அவர் ஆரம்பித்தபோது ஆண்கள் மட்டுமே நகைச்சுவை சொல்லும் கிளப்களின் காலம். டின்னர் ஜாக்கெட் போட்டு மாமியார் ஜோக் சொல்லும் கூட்டம். அங்கே ஒரு இளம்பெண் பியானோவின் முன் உட்கார்ந்து, தன் உடம்பைப் பற்றியும், சரிவராத காதலைப் பற்றியும் தானே எழுதிய பாட்டைப் பாடினால் அதை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்றே யாருக்கும் தெரியவில்லை. 'நியூ ஃபேசஸ்'இல் வந்த பிறகும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. 1976இல் 'தட்ஸ் லைஃப்' நிகழ்ச்சியில் பாடினார், மறுபடியும் இடைவெளி. 1978இல் லண்டன் புஷ் தியேட்டரில் ஒரு நிகழ்ச்சிக்கு எழுதப் போன இடத்தில் ஜூலி வால்டர்ஸோடு சேர்கிறார். அங்கே பேசும்போதுதான் தெரிகிறது, வருடங்களுக்கு முன்பே மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் நாடகப் படிப்புக்கு நேர்முகத்துக்குப் போனபோது சுற்றிக் காட்டிய மாணவி இதே ஜூலி வால்டர்ஸ்தான் என்று.

சின்ன வயதில் பக்ஸ்டனில் ஜாய்ஸ் கிரென்ஃபெல்லின் நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறார். ஒரு பெண், துணைக்கு ஒரு கூட்டமில்லாமல், வெறும் பேச்சாலும் பாட்டாலும் ஒரு அரங்கைப் பிடித்து வைத்திருக்க முடியும் என்று அங்கே கண்டதைப் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். 1993இல் அவரே ராயல் ஆல்பர்ட் ஹாலில் 15 இரவு நின்றார். 5,000க்கும் மேல் இருக்கைகள் கொண்ட மண்டபம். நகைச்சுவைக்காக அப்படி ஒரு தொடர் நிரம்புவது அப்போது கேள்விப்படாதது.

அந்தப் பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 'பாரி அண்ட் ஃப்ரீடா', எல்லோரும் 'லெட்ஸ் டூ இட்' என்பார்கள். மனைவிக்கு இன்றிரவு ஆசை, கணவனுக்குச் சாக்கு. அவள் ஒரு சரணம், அவன் ஒரு சரணம். போகப் போக வேகம் ஏறும், சுருதியும் ஏறும், வார்த்தைகளின் நெருக்கமும் ஏறும், அவர் கை பியானோவில் நிற்காது. எல்லோருக்கும் மனப்பாடமான வரியில் ஃப்ரீடா தன்னை 'வுமன்ஸ் வீக்லி'யால் அடிக்கச் சொல்கிறாள். 'வுமன்ஸ் வீக்லி' என்பது பின்னல் மாதிரிகளும் கேக் செய்முறையும் வரும் சாதுவான பெண்கள் வார இதழ். ஒவ்வொரு வீட்டு டீ மேசையிலும் கிடந்தது. அதை அங்கே வைத்ததில் இருக்கிறது அவருடைய மூளை. வேறு எந்தப் பத்திரிகைப் பெயரும் அந்த இடத்தில் உட்காராது. அசைக் கணக்கும் சரி, மரியாதையும் சரி, கிழிந்துபோகும் விதமும் சரி. நான் ஒரு ஜோக் எழுதும்போது 'ஒரு பிஸ்கட்' என்று எழுதிவிட்டு, எந்தப் பிஸ்கட் என்று கேட்டுத் திரும்ப உட்காருகிறேன் என்றால் அது இவரிடமிருந்து வந்தது. இன்று இங்கே மேடை ஏறுகிறவர்களில் பாதிப் பேரிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது. பலருக்கு எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம்.

மகளுக்கு இந்தப் பாட்டைப் போடுங்கள் அக்கா. 16 வயதுக்குச் சரிதான், நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும், அவ்வளவே.


அருண், சென்னை

மன்னிக்கவும், மாற்றுக் கருத்து. இதைப் படித்துவிட்டு நேற்று 'டின்னர்லேடீஸ்' முதல் பகுதி பார்த்தேன். பிரிட்டிஷ் தொடர்கள் நிறையப் பார்ப்பவன்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஏதேதோ கடைப் பெயர், நடிகர் பெயர், பின்னால் ஓயாமல் பார்வையாளர் சிரிப்பு. என்ன தவறவிடுகிறேன்?


செல்வி, ராச்டேல்

அருண் தம்பி, கேட்டது நல்லதாயிற்று. மன்னிப்பெல்லாம் எதற்கு?

முதலில் அந்தச் சிரிப்புச் சத்தம். அது பின்னால் ஒட்டியது இல்லை. உண்மையான பார்வையாளர்கள் முன் எடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: ஒவ்வொரு பகுதியையும் வெள்ளி இரவு ஒரு முறை, சனி இரவு ஒரு முறை என்று இரண்டு தடவை பார்வையாளர் முன் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை எந்த வரி விழவில்லையோ அதை இரவோடு இரவாக அவர் திருத்தி எழுதிக் கொடுப்பார், நடிகர்கள் மறுநாள் புதிய வரியோடு நிற்க வேண்டும். ஜீனாக வந்த ஆன் ரீட், டாலியாக வந்த தெல்மா பார்லோ எல்லாம் அப்போது 60ஐத் தாண்டியவர்கள் அல்லது நெருங்கியவர்கள். பார்லோ அதற்கு முன் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'டில் 20 வருடத்துக்கும் மேலாக மேவிஸாக இருந்தவர். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு இரவில் புது வசனம். 16 பகுதிகளும் இப்படித்தான். எல்லாவற்றையும் எழுதியவர் ஒருவரே.

அப்புறம் அந்தப் பேச்சு. வரிக்கு வரி ஜோக் தேடினால் கிடைக்காது. ஒருத்தி தன் வாழ்க்கையின் பெரிய துக்கத்தைச் சொல்ல ஆரம்பிப்பாள், நடுவில் இன்னொருத்தி "டோஸ்ட் யாருக்கு?" என்பாள், மூன்றாமவள் ஒரு நடிகரின் பெயரை நினைவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருப்பாள், முதலாமவள் டோஸ்ட்டையும் வாங்கிக்கொண்டு துக்கத்தையும் தொடர்வாள். இது வேண்டுமென்றே செய்த சிக்கல் என்று நினைக்காதே. எங்கள் சமையலறை இப்படித்தான் ஓடுகிறது. அடுப்பில் வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொண்டு, ஒவ்வாமைப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு, அதற்கு நடுவில்தான் ஒருத்தி தன் தங்கைக்கு ஸ்கேன் முடிவு வந்ததைச் சொல்வாள். உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல இங்கே யாருக்கும் வராது. வேலைக்கு நடுவில், பக்கவாட்டில் நின்றுதான் சொல்ல வரும். விக்டோரியா வுட் அதைக் கேட்டு எழுதினார். சிரிப்பு எங்கே இருக்கிறது என்றால், பெரிய விஷயமும் டோஸ்ட்டும் ஒரே எடையில் வைக்கப்படும் இடத்தில்.

முதல் பகுதியோடு நிறுத்தாதே. மூன்று நான்கு பார்த்தால் இவர்களில் யார் எதை மறைக்கிறார்கள் என்று பிடிபடும், பிறகு அதே கடைப் பெயர்களே சிரிப்பாகிவிடும். ஆங்கில எழுத்து வரிகளைப் போட்டுக்கொள், வேகத்துக்கு அது உதவும்.

இன்னொன்றும் பார்க்கலாம். 'தி ராய்ல் ஃபேமிலி' தெரியுமா? அதே 1998இல், இதற்கு இரண்டு மாதம் முன்பு தொடங்கியது. கரோலின் அஹெர்னும் கிரேக் காஷும் எழுதியது. அதுவும் மான்செஸ்டர்தான், அதுவும் ஒரே அறைதான், ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறது. ஆனால் பார்வையாளர் சிரிப்பு கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே ஊரின் பேச்சை இரண்டு பெண்கள் எவ்வளவு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரியும். கரோலின் அஹெர்னும் அதே 2016இல், ஜூலை 2ஆம் தேதி போனார். வயது 52தான். அந்த இரண்டு சாவுகளையும் என்னால் பிரித்து நினைக்க முடிவதில்லை. ஒரே வருடத்தில் இந்த வடமேற்குப் பகுதி தன் இரண்டு காதுகளையும் இழந்தது.

பிற்பாடு 2015இல் போல்டன்காரர் பீட்டர் கேயின் 'கார் ஷேர்' வந்தபோது, வேலைக்குப் போகும் காரில் இரண்டு பேர் ஒன்றுமில்லாததைப் பேசியே ஒரு தொடர் முழுவதும் போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேன்டீன்தான் நினைவுக்கு வரும். பெரிதாக எதுவும் நடக்காமல் ஜனங்கள் பேசுவதை நம்பி ஒரு நிகழ்ச்சியை விடலாம் என்ற துணிவை அவர் இந்த நாட்டுக்குப் பழக்கிவிட்டார்.

கவின் தம்பி, மேடை பற்றி நீ சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேடையில் தனியாக 15 இரவு நிரப்பத் தெரிந்தவர்தான் கேன்டீனில் பின்வரிசைக்குப் போய் நின்றார். நிற்கத் தெரியாதவர் ஒதுங்கி நிற்பதற்கும், தெரிந்தவர் ஒதுங்கி நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதே.


மீனாட்சி, நாட்டிங்ஹாம்

யாரும் 'ஹவுஸ்வைஃப், 49' பக்கம் போகவில்லையே. எனக்கு விக்டோரியா வுட் என்றால் அதுதான் முதலில்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற அமைப்பு சாதாரண மக்களை நாட்குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னது. பேரோ-இன்-ஃபர்னஸ் என்ற கப்பல் கட்டும் ஊரிலிருந்து நெல்லா லாஸ்ட் என்ற பெண்மணி எழுதினார். தொழில், வயது என்ற இடத்தில் அவர் தந்த குறிப்புத்தான் தலைப்பு. வாய் திறக்காத கணவர், போருக்குப் போகும் மகன், மூச்சு முட்டும் வீடு. பெண்கள் தன்னார்வச் சேவை மையத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் திறக்கிறது. விக்டோரியா வுட்டே எழுதி, நெல்லாவாக நடித்தார். 2007இல் சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருதும், சிறந்த தனி நாடகத்துக்கான பாஃப்டாவும் கிடைத்தன. சிரிக்க வைக்கும் முகத்தில் ஒரு தயக்கம் மட்டும் மிச்சமிருக்கும். அதை வைத்தே ஒன்றரை மணி நேரம் கொண்டுபோய்விடுவார்.

இதற்கு முன்பே 1994இல் 'பாட் அண்ட் மார்கரெட்' எடுத்தார். நெடுஞ்சாலை உணவகத்தில் வேலை செய்யும் மார்கரெட், அமெரிக்கத் தொடர் நட்சத்திரமாகிவிட்ட அக்கா பாட். ஒரு டிவி நிகழ்ச்சியில் எதிர்பாராமல் இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறார்கள். நட்சத்திர வேடம் ஜூலி வால்டர்ஸுக்கு, தட்டு எடுக்கும் வேடம் தனக்கு. செல்வி சொன்னது அங்கேயும் இருக்கிறது பாருங்கள்.

2015இல் நம் மனோரமா ஆச்சி போனபோது நான் அழுத அழுகையும், அடுத்த வருடம் இவருக்கு அழுததும் ஏறக்குறைய ஒன்று. இருவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள். ஆச்சிக்கு எழுதிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இவர் இரவெல்லாம் உட்கார்ந்து தனக்கும் மற்றவர்களுக்கும் தானே எழுதினார். அந்த உழைப்பை நினைக்கும்போது 62 வயது ரொம்பவும் குறைவாகத் தெரிகிறது.


கவின், லீட்ஸ்

மீனாட்சி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாட்ரிசியா ரவுட்லெட்ஜுக்கு 1985இல் 'கிட்டி' என்று ஒரு தனிப்பேச்சு எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, சீடில் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணி தன் அபிப்பிராயங்களை வாரி வழங்குவார். அசைவே இல்லை, வெறும் வாக்கியங்கள். ரவுட்லெட்ஜ் 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' தொடரின் ஹயாசிந்த் பக்கெட்டாக உலகம் முழுக்கத் தெரிய வந்தது 1990க்குப் பிறகு. மகளுக்கு அந்தத் தொடர் பழக்கமென்றால் கிட்டியிலிருந்தும் தொடங்கலாம்.


செல்வி, ராச்டேல்

எல்லோருக்கும் நன்றி. இராசையா அண்ணா சொன்னபடி நேற்று இரவு அறிவிப்பாளர் துண்டுகளைப் போட்டேன். வடக்கு நேயர்கள் வந்ததும் மகள் ஒரு விநாடி பேசாமல் இருந்துவிட்டு, "இது நம்மைச் சொல்கிறது" என்று சிரித்தாள். 'நம்மை' என்று சொன்னாள். அது எனக்குப் போதும். தானாகவே 'டூ சூப்ஸ்' தேடி எடுத்தாள். பாட்டை அவள் தோழியோடு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன், கவின்.

சனிக்கிழமை அவளைப் பெரிக்கு அழைத்துப் போகிறேன். நூலகத் தோட்டத்தில் 2019இல் வைத்த சிலை இருக்கிறது. செய்தவர் கிரஹாம் இபெசன், மோர்கம் கடற்கரையில் நகைச்சுவை நடிகர் எரிக் மோர்கமின் சிலையைச் செய்த அதே சிற்பி. யாராவது வர விரும்பினால் மான்செஸ்டரிலிருந்து மெட்ரோலிங்க் டிராமில் பெரி என்று போட்ட வண்டி, கடைசி நிறுத்தம். அங்கிருந்து சில்வர் ஸ்ட்ரீட் நடக்கும் தூரம்தான். 11 மணிக்கு நூலக வாசலில் இருப்போம். மார்க்கெட்டும் அன்று திறந்திருக்கும், டீ என் செலவு.